வயிற்றுக்குள் ஒரு சன்னதி

கோபுரத்தைக் கண்டால் என் கைகள் என்னைக் கேட்பதில்லை. தானாகவே தலைக்கு மேல் போய்விடும் (சைக்கிள் ஓட்டும்போதும்தான், இரண்டு தடவை விழுந்திருக்கிறேன்). இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரிக்கும் கூடவே வரும் என்று நான் நினைக்கவில்லை.

நெஞ்செரிச்சல் என்று திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் போனேன். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தவர், "இரைப்பையில குன்னிமுத்து அளவுக்குச் சின்னதா ஒரு சதை வளர்ந்திருக்கு. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றார்.

எனக்கு அந்தப் 'பெரும்பாலும்' மட்டும்தான் காதில் விழுந்தது. ஒரு வாரம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பகவதி பார்த்தும் பாராதவள் போல அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

எடுக்கிற நாளன்று விடியற்காலம் தாமிரபரணியில் முங்கிவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, இடப்பக்கமாகப் படுக்கவைத்து, பல்லுக்கு நடுவே ஒரு வளையம் வைத்தார்கள். கையில் ஓர் ஊசி.

"லேசா மயக்கமா இருக்கும் அண்ணாச்சி, பயப்படாதிய" என்றார் நர்ஸ்.

அதன்பிறகு நான் ஆற்றில் மிதந்தேன். முதுகுக்குக் கீழே தண்ணீர் மெல்ல நகர்ந்தது. எங்கேயோ விட்டுவிட்டு மணி அடித்தது (நாடி பார்க்கிற மிஷினாம்). விளக்கை அணைத்திருந்தார்கள். எதிரே திரையில் ஒரு குகை. செம்பருத்தி நிறச் சுவர், ஈரம் மினுங்க, மடிப்பு மடிப்பாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒற்றை வெளிச்சம் முன்னால் நகர, கடைசியில், சின்னதாக, உருண்டையாக, பளபளவென்று யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தா இருக்கு" என்றார் டாக்டர்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கைகள் இரண்டும் தலைக்கு மேல் போயின. போகிற போக்கில் குழாயையும் இழுத்துக்கொண்டு போயின.

டாக்டரின் கண்ணாடி வரைக்கும் என் எச்சில் தெறித்ததாகக் கேள்வி.

"என்ன செய்யுதிய அண்ணாச்சி? கம்பிச் சுருக்கப் போடப்போற நேரத்துல!" என்று பதறினார் நர்ஸ்.

"தீபாராதனை முடிஞ்சிட்டா?" என்று கேட்டேனாம்.

இன்னொரு தடவை கையைத் தூக்கினால் இன்றைக்கு எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸ் கொஞ்சம் யோசித்தார். என் உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து, நெஞ்சுக்கு நேரே வைத்து, துணியால் பைய ஒரு கட்டுப் போட்டார்.

"இப்பமே நல்லா கும்பிட்டுக்கிடுங்க. கைய அங்கன இங்கன கொண்டுபோவாண்டாம்."

கும்பிட்ட கையோடு கிடந்தேன். குழாய் மறுபடி உள்ளே போனது. திரையில் கம்பிச் சுருக்கு அந்த உருண்டையைச் சுற்றி இறுகியது. கொஞ்சம் புகை. பூப் பறித்தது போல வந்துவிட்டது.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. "புத்துநோய் இல்ல. வெறும் சதைதான்" என்றார் டாக்டர். பகவதி அங்கேயே அழுதாள்.

ரிப்போர்ட்டோடு என் வயிற்றின் கலர் படமும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நன்றி சொல்ல அதைச் சாமி படங்களுக்கு நடுவே சாய்த்து வைத்தேன். எடுக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் சீவலப்பேரியில் இருந்து பகவதியின் தங்கை வந்தாள். சாமி அலமாரி முன்னால் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்தப் படத்துக்கும் குங்குமம் வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"அத்தான், இது எந்த மலையில இருக்க குகைக் கோயிலு? நானும் ஒருக்கா போவணும்."

"போலாம்ட்டி" என்றாள் பகவதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "முந்தின ராத்திரியே பட்டினி கெடக்கணும். வழி இவுக வாய் வழியாத்தான்."

அந்தக் குங்குமத்தைத் துடைக்க எனக்கு மனசு வரவில்லை. படம் அங்கேயேதான் இருக்கிறது. என் வயிறு லேசாக உறுமினால் போதும், மகள் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "எம்மா, அப்பாவுக்கு நடை தொறந்தாச்சு."