ஐந்து நிமிட நடையை ரத்து செய்யச் சொன்ன கதை

தெரியாத வார்த்தையால் யாருக்கும் அவமானம் வருவதில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். நன்றாகத் தெரிந்த வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கும். என்னைக் கவிழ்த்த வார்த்தைக்கு இரண்டே எழுத்து. நடை.

பிள்ளைகளே, உங்களுக்கு நடை என்றால் காலால் நடப்பது. மினி பஸ்காரனுக்கு நடை என்றால் வண்டி ஒரு தடவை போய் வருவது. "இன்னிக்கி எத்தினி நடை?" என்றுதான் நாங்கள் ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்போம். அப்போது நம் மினி பஸ் சின்னசேலம் ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு வெளியே இருக்கும் தொழில் பூங்காவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. (பேர்தான் பூங்கா. ஊஞ்சல் கிடையாது. ஒரு செருப்புக் கம்பெனி, நாலு குடோன், ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ்.) உங்கள் லூர்து மாமாதான் டிரைவர். நான் முதலாளி, கண்டக்டர், கண்ணாடி துடைப்பவர். உங்கள் அம்மா அந்தச் செருப்புக் கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். அந்த பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு தெரியாது.

ஒருநாள் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். தலைப்பு, 'போக்குவரத்து சார்ந்த கலப்புப் பயன்பாட்டு மேம்பாட்டு வரைவுத் திட்டம்.' நான் ஒன்பதாவது வரை படித்தவன். அதனால் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். 'போக்குவரத்து' புரிந்தது. மற்றதை விட்டுவிட்டேன்.

படத்தில் பூங்காவுக்கு நடுவே ஒரு புது பஸ் ஸ்டாண்டு. அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அதன்மேல், 'ஐந்து நிமிட நடை.' அதற்கும் வெளியே ஒரு நீல வட்டம். 'பத்து நிமிட நடை.'

ஓடிப்போய் லூர்துவைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் விரலால் சிவப்பு வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"மாமா, செவப்பு ரூட்டுல அஞ்சு நிமிசத்துக்கு ஒரு நடை. நீல ரூட்டுல பத்து நிமிசத்துக்கு ஒண்ணு. கவர்மெண்டு பஸ்ஸ சுத்திச் சுத்தி வுடப் போறானுங்க."

"அப்ப நம்ம வண்டி?"

"நாம ஒரு நடை முடிச்சிட்டு டீ குடிக்கறதுக்குள்ள அவன் பத்து நடை அடிச்சிட்டுப் பூடுவான். பேசாம மலை ஏறிடலாம் மாமா, கரியாலூர் பக்கம். அங்க எவனும் வட்டம் போட முடியாது. எல்லாம் வளைவு."

மலை ஏறுவதற்கு முன் போராடிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். திட்டத்தைப் பற்றி மக்கள் கருத்துச் சொல்ல, கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்திருந்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் எல்லோரையும் திரட்டினேன். ஆளுக்கொரு கறுப்புத் துணியைச் சட்டையில் குத்திக்கொண்டோம். (துணி, லூர்துவின் பழைய பேண்ட்.) உங்கள் அம்மா கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு, தோழிகளோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கறுப்புத் துணியோடு என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சென்னையிலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி வந்திருந்தார். அதே வரைபடத்தை மேடையில் நிறுத்தி, கீழே கடை, நடுவில் ஆபீஸ், மேலே வீடு என்று பொறுமையாக விளக்கினார். நான் கேட்கவில்லை. என் பேச்சை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக் கைக்கு வந்தது.

"மேடம், அந்த அஞ்சு நிமிச நடைய ஒடனே ரத்து பண்ணணும்."

"நடையையா சார்?"

"ஆமாங்க. பத்து நிமிச நடைகூட எங்களுக்கு வேணாம். அரை மணி நடை இருந்தா போதும்."

அவர் திகைத்துப்போனார். "அரை மணி நேரமா? வயசானவங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"அவுங்களுக்கு அப்டியே பழகிப்போச்சுங்க."

பின்னால் ஆட்டோக்காரர்கள் கை தட்டினார்கள். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். எனக்குத் தைரியம் ஏறியது.

"சரிங்க. மொத்தம் எத்தினி நடை வுடப் போறீங்க? அதச் சொல்லுங்க."

"அது அவங்கவங்க இஷ்டம்தானே சார். காலையிலேருந்து எத்தனை நடை வேணும்னாலும்..."

"டிக்கெட்டு எவ்ளோ?"

"டிக்கெட்டா? நடை ஃப்ரீதானே சார்!"

ஆட்டோக்காரர்கள் "அநியாயம்!" என்றார்கள்.

"பர்மிட்டு யாருங்க குடுத்தது?"

"நடைக்கு எதுக்கு சார் பர்மிட்?" அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது. என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். "கோபப்படாதீங்க சார். வழி முழுக்க நிழலுக்கு மரம் வைக்கிறோம். நடுநடுவே உக்கார பெஞ்சும் போடுறோம்."

"பெஞ்சா? சீட்டு இல்லாம பெஞ்சு போட்டு ஓட்டுனா ஆர்.டி.ஓ. வுடுவாரா?"

அப்போதுதான் உங்கள் அம்மா எழுந்தாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"ஏங்க! அந்தம்மா கால்நடையைச் சொல்றாங்க!"

எனக்குப் பின்னாலிருந்து ஓர் ஆட்டோக்காரர் கேட்டார். "இன்னாது, மாடு வேற வுடறாங்களா?"

"மாடு இல்லய்யா! நடந்து போறது! ரெண்டு காலால! பஸ் ஸ்டாண்டுலேருந்து வூட்டுக்கு நடந்தே பூடலாம், அஞ்சு நிமிசம்தான்னு போட்டுக்கினு இருக்காங்க!"

மண்டபம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை, வரைபடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வரைபடம் குலுங்கியது. நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கொரு பஸ் வரப்போவதில்லை! அந்தச் சந்தோஷத்தில் சத்தமாகச் சொன்னேன்.

"நடக்கறதுதானுங்களா? அப்டின்னா எங்களுக்கு முழு சம்மதம்ங்க. எவ்ளோ வேணும்னாலும் நடக்கட்டும்."

'மினி பஸ் உரிமையாளர் முழு ஆதரவு' என்று எழுதி, வாசித்தும் காட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கறுப்புத் துணிகளைக் கழற்றினோம்.

திரும்பி வரும்போது லூர்து பாதி வழியில் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். பிறகு கேட்டான்.

"மாமா, கீழ கடை, மேல வூடு, பக்கத்துலியே கம்பெனி. அல்லாரும் அங்கியே குடியிருந்துகினு நடந்தே வேலைக்கிப் பூட்டா, நம்ம வண்டில எவன் ஏறுவான்?"

இல்லாத பஸ்ஸை அரைமணி நேரம் எதிர்த்துவிட்டு, எதிர்க்க வேண்டியதைக் கை தட்டி வரவேற்றுவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "திருப்புடா வண்டிய" என்றேன். மண்டபத்தில் சமையல்காரர்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கல்யாணமாம். "கருத்து எதுனா சொல்லணும்ங்களா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். அதற்குள் விஷயம் அவர் வரைக்கும் போயிருந்தது.

திட்டத்தில் முதல் கட்டடம் எழுந்ததும் என் வண்டியை விட்டுப் போன முதல் பயணி யார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் அம்மா.

"எனக்கு அங்கதான் வூடு வேணும். நாள் பூரா தெச்சிட்டு, சாயந்திரம் உங்க வண்டிக்கி வேற நின்னுக்கினு இருக்க முடியாது. நீங்கதான் முழு ஆதரவு குடுத்தீங்களே."

ஊரறிய ஆதரவு கொடுத்தவன் எந்த முகத்தோடு மறுப்பது? அப்படித்தான் நாம் இந்த மூன்றாவது மாடிக்கு வந்தோம். வண்டியில் கொஞ்ச நாள் கூட்டம் கம்மியாகத்தான் இருந்தது. பிறகு இங்கே குடிவந்தவர்கள் ரயிலுக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் சின்னசேலம் போய் வரத் தொடங்கினார்கள். லூர்துவுக்கு இன்னும் மலை ஏற வேண்டிய அவசியம் வரவில்லை.

காலையில் அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "மொத நடை கெளம்புது!" என்று கத்துவதும், நான் குளியலறையிலிருந்து "பர்மிட்டு இருக்குதா?" என்று கேட்பதும், லூர்து மாமா வந்திருந்தால் "மாடு கட்டியாச்சா அக்கா?" என்று சேர்ந்துகொள்வதும் இதனால்தான். இத்தனை நாள் காரணம் தெரியாமலே எங்களோடு சிரித்துக்கொண்டிருந்தீர்கள். இனிமேல் என்னைப் பார்த்தே சிரிக்கலாம்.