மூன்று ஜோடி ஊஃபர்

"பொட்டி செத்துப்போச்சு மாமா. கடல்ல வுட்டா மீனாவது குடித்தனம் பண்ணும்" என்றான் ஜான்.

லூர்துசாமி மச்சானை முறைத்தார். "ஞாயித்துக்கெழம இந்தப் பொட்டில உங்கக்கா பாடும். பாடலன்னா நானே ஒடச்சி அடுப்புல வெக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் ஜெசிந்தாவுக்கும் கல்யாணமாகி முப்பது வருஷம். மீன் வண்டிக்கு ஐஸ் சுமந்த கூலியில் எப்போதோ வாங்கிய ஜோடி ஸ்பீக்கர் பெட்டி அது. வீட்டில் பூஞ்சை பிடிக்காமல் மிஞ்சிய கேசட் ஒன்றே ஒன்று. மாதா கோயில் திருவிழாவில் ஜெசிந்தா தனியாகப் பாடியது. வெட்கப்பட்டு டிரங்குப் பெட்டியில் பூட்டியவள், ஒருதடவைகூடப் போட விட்டதில்லை. டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துப் பதிவு செய்தவரே லூர்துசாமிதான். முன்பெஞ்சில் கண்ணை மூடி உருகிப்போயிருந்த அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவள் ஹார்பர் வேலை மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள்.

முப்பதாம் வருஷம் என்று கெஞ்சி இப்போதுதான் சாவி வாங்கினார். போட்டால், பாட்டு நெடுக 'கர்ர்ர்'. உள்ளேயிருந்த பெரிய ஸ்பீக்கர், அதுதான் ஊஃபர், ஓரமெல்லாம் பொடிந்து உதிர்ந்திருந்தது. வேறென்ன காரணம்?

ரிச்சி தெரு ஸ்பீக்கர் கடை ஆசிஃப் அதே அளவில் புது ஜோடி கொடுத்தான். மாட்டினார். கர்ர்ர் இன்னும் துலக்கமாகக் கேட்டது.

"ஊஃபர்ல பேப்பர் மெலிசு பாய். கனமா குடு" என்று திரும்பக் கடைக்குப் போய் நின்றார்.

"இது பெரிய காந்தம்ணா. ஒங்க பொட்டில நொழையாது."

"நொழைய வெப்பேன்!"

உளியை எடுத்தார். ஓட்டை பெரிதாயிற்று, பலகை பிளந்தது, ஆணி அடித்தார். ஊஃபர் உட்கார்ந்தது. கர்ர்ர் இப்போது மோட்டார் படகு போல வந்தது.

ஜெசிந்தா டீயை நீட்டினாள். "வுடுய்யா. அன்னிக்கு நீ கேட்டியே, அது போதும் எனக்கு."

"எனக்குப் போதாது."

ஆசிஃப் கும்பிட்டே விட்டான். "புதுசு எதுவும் ஒத்துக்காதுணா. அதே கம்பெனி, அதே வருஷம், வேற பொட்டில கழட்டுன ஜோடி ஒண்ணு கீது. இதவிட சுத்தமா பேசற ஸ்பீக்கர் ஒலகத்துல இல்ல."

சைக்கிள் விலைக்குப் போனது, ஊஃபர் வந்தது. தோண்டிய ஓட்டைக்கு மறுபடி பலகை ஒட்டி மாட்டினார்.

ஞாயிறு. தெருவே வந்து உட்கார்ந்தது. ஜெசிந்தாவின் குரல் கண்ணாடி போல எழுந்தது. கூடவே, முன்னெப்போதையும்விடத் தெளிவாக, 'கர்ர்ர்... ஃபூ.'

"அடுப்பு பத்த வெக்கவா மாமா?" என்றான் ஜான்.

"தொடாத!" லூர்துசாமி பெட்டிக்குக் குறுக்கே நின்றார். "நாலாவது ஜோடி வாங்குவேன்டா. வூட்ட வித்தாவது வாங்குவேன்!"

அந்தத் திருவிழாவில் ஜெசிந்தா பாடும்போது பின்னால் நின்றிருந்த மீன்காரி பொன்மணி, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"எத்தினி மாத்துனாலும் போவாதுண்ணே. இவ பாடி முடிக்கிற வரைக்கும் முன்பெஞ்சுல கண்ண மூடிக்கினு நீ வுட்ட கொறட்ட அது."