ரெண்டு சென்டி அண்ணனின் ஒரே தப்புப் புள்ளி

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ரெண்டு சென்டி அண்ணனிடம் திட்டு வாங்காத எல்லைக்கல் ஒன்றுகூடக் கிடையாது. கல்லைத்தான் திட்டுவார், நட்டவரைத் திட்ட மாட்டார். "எவ்வளவு தெனாவட்டா தள்ளி நிக்கிது பாரு" என்று கல்லைப் பார்த்துச் சொல்வார். பக்கத்தில் நிற்கும் நிலக்காரர் தலையைக் குனிந்துகொள்வார்.

பெரம்பலூரில் ஒரு தனியார் சர்வே ஆபீஸில் அவர் அளப்பவர். நான் அவர் அளந்து வந்ததைக் கம்ப்யூட்டரில் வரைபடமாகப் போடுபவன். எதை அளந்தாலும் பிழை இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அதைத் தாண்டிய புள்ளியை என்னை அழிக்கச் சொல்லிவிட்டு மறுபடி வெயிலில் கிளம்பிவிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

ஆள் உயரத்துக்கு ஒரு கம்பி, அதன் உச்சியில் வட்டமாக ஒரு கருவி. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, கம்பியின் நுனி பூமியில் எங்கே நிற்கிறது என்று அது சொல்லும். ஒரே ஒரு நாட்டை நம்பி அளப்பது அண்ணனுக்கு ஆகாது. அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பா, சீனா, இந்தியா என்று ஐந்து பேரும் ஒத்துச் சொன்னால்தான் கம்பியை எடுப்பார். ஒருமுறை பூலாம்பாடியில் ஒரு மக்காச்சோளக் காட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். "அமெரிக்காக்காரன் வந்துட்டான். ரஷ்யாக்காரனும் வந்துட்டான். சீனாக்காரந்தான் பச்சமலைக்கு அந்தாண்ட நிக்கிறான், வரட்டும்" என்று வரப்பில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட காட்டுக்காரரின் சம்சாரம் வீட்டுக்குப் போய் ஏழு டம்ளர் டீயோடு வந்துவிட்டார். ஏழையும் நாங்கள் இரண்டு பேரே குடித்தோம்.

பாடாலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனில் லொகேஷன் அனுப்பியிருந்தார்கள். போன் காட்டுவதில் ஐந்து மீட்டர் பிழை இருக்கும், அதை நம்பிப் போனால் பக்கத்து மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம் என்று வரவே மறுத்தார். அண்ணிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

அவரை வளைக்கத் தெரிந்த ஒரே ஆள் அண்ணி. தினமும் காலையில் வாசல்படிக்கு நேராகப் போட வேண்டிய கோலத்தை வேண்டுமென்றே ஒரு சாண் தள்ளிப் போடுவார். அண்ணன் பல்லில் பிரஷ்ஷோடு நின்று அதையே பார்ப்பார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல முடியாமல் உள்ளே போய்விடுவார். ஜன்னல் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் தினமும் வாசலுக்கு வந்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரு ஐப்பசியில், நாலே நாள் காய்ச்சலில் அண்ணி போய்விட்டார்.

அவர்கள் வழக்கத்தில் புதைப்பதுதான். ஓடையோரச் சுடுகாட்டுக்கு அண்ணன் கம்பியோடு வந்தார். ஊரே முகம் சுளித்தது. மண்மேடு எழுந்ததும் அதன் நடுவில் கம்பியை ஊன்றி நின்றுவிட்டார். மேலே புங்க மரங்கள் வானத்தை அடைத்துக்கொண்டிருந்தன. இலையில் பட்டுச் சிதறி வரும் சிக்னலை வைத்துக்கொண்டு கருவி ஒரு முடிவுக்கும் வர முடியாமல் திணறியது. வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பது சடங்கு. அதனால் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவர் அழ அழ, கம்பியும் ஆடிக்கொண்டிருந்தது.

இருட்டுவதற்குள் மச்சினர் வந்து தோளைப் பிடித்து இழுத்தார். அண்ணன் கிடைத்ததைப் பதிந்துகொண்டார். பிழை நாற்பது சென்டிக்கு மேல். மறுநாள் வந்து சரியாக அளந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தார். அன்று ராத்திரி பெய்த மழையில் ஓடை பெருகி மேடுகளையெல்லாம் சமமாக்கிவிட்டது. பால் ஊற்றப் போனவர்கள் குத்துமதிப்பாக ஊற்றினார்கள். ஆபீஸுக்கு வந்தவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அந்தப் புள்ளிய அழிச்சிராத தம்பி."

இரண்டு வருஷம் கழித்து அதே சுடுகாட்டில் கொட்டகை கட்டத் தொடங்கினார்கள். கேள்விப்பட்டதும் என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டியை விரட்டினார். மரங்களை வெட்டியிருந்தார்கள். வானம் பளிச்சென்று திறந்திருந்தது. கம்பியை நட்ட மாத்திரத்தில் ஐந்து நாட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். பழைய புள்ளி இருந்த இடம் இரண்டு சென்டி சுத்தமாகக் கிடைத்தது. ஒரு தூண் குழிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்களே, சரியாக அதன் மேல்.

"இப்ப இவன் சுத்தமா காட்டுறான் தம்பி. அன்னைக்கி நான் எழுதுனதுதான தப்பு" என்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அண்ணன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். குழியை எவ்வளவு தள்ள வேண்டும் என்று மேஸ்திரி கேட்டார். அண்ணன் கருவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

"சரியா தெரியலங்க. ஒரு மீட்டர் விட்டுருங்க. எந்தப் பக்கம்னும் தெரியல."

ஊரில் ஒருவருக்கும் அரை விரல்கடை விட்டுக்கொடுக்காத மனிதர், கைகளை விரித்தபடியே நின்றார். மேஸ்திரி முளைகளைப் பிடுங்கி, நூலை அவிழ்த்து, நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டுக் கட்டினார். இன்றும் அந்தக் கொட்டகையில் இரண்டு தூண்களுக்கு நடுவே மட்டும் இடைவெளி அதிகம். கட்டியவருக்குக் கணக்குத் தெரியாது என்று ஊர் சொல்லும்.

அண்ணன் இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அவர் இடத்துக்கு வந்தவர் கெட்டிக்காரர், காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார். எனக்குத்தான் ஆபீஸில் உட்கார முடியவில்லை. போன் செய்தால் அண்ணன் என் பிள்ளைகளை விசாரிப்பார், மழை உண்டா என்பார். கேட்க நினைப்பதைக் கேட்காமலே வைத்துவிடுவார்.

போன மாதம் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய பதிவுகளை மாற்றும்போது, பிழை அதிகமுள்ள ஒரு புள்ளி இருக்கிறது, நீக்கிவிடவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். அதற்கு நேரே பெயர் எழுத வேண்டிய கட்டம் இத்தனை வருஷமும் காலியாகவே கிடந்திருக்கிறது. எழுத அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

'அண்ணி' என்று நான் எழுதி வைத்தேன்.