சோற்றைத் தொடாத சபதம்

ஒரு நாட்டின் பண்பாட்டை அறிய வேண்டுமானால், முதலில் அந்த நாட்டுச் சாப்பாட்டை வயிற்றுக்குள் அனுப்ப வேண்டும். இது நானே கண்டுபிடித்த தத்துவம். அதனால் ஜாவாத் தீவின் யோக்யகர்த்தாவிலிருந்து நார்வேக்குக் கிளம்புமுன் மனைவியிடம் சபதம் போட்டேன்.

"விடார்த்தி, திரும்பி வர்ற வரைக்கும் சோறு கிடையாது. அவங்க திங்கிறதைத்தான் நாமளும் திங்கணும்."

"சரி, மாஸ். மீறுனா?" எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷனை 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மீறுனவங்க தோத்தாங்க. ஜெயிச்சவங்க அம்மா வீட்டுலதான் நோன்புப் பெருநாள்."

இதில்தான் என் சூழ்ச்சியே இருந்தது. வருஷா வருஷம் பெருநாளுக்கு வோனோகிரியில் மாமியார் வீடு. மூத்த மாப்பிள்ளை என்ற மரியாதைக்குக் கோழிக்கூண்டை ஒட்டி எனக்குப் பாய் போடுவார்கள். தெகாலில் என் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள், பாவம். விடார்த்தியோ ஒரு சட்டி நூடுல்ஸைக் காலி செய்துவிட்டு, "இன்னும் சாப்பிடவே இல்லையே, சோறு எங்கே?" என்று கேட்கிற வம்சம். அவள் எத்தனை நாள் தாங்குவாள்?

விமானத்தில் பணிப்பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மீனும் உருளைக்கிழங்கும் இருக்கு. சாப்பிடுறீங்களா, சார்?"

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

ஜாவாக்காரன் வேறென்ன சொல்வான்? கேட்டவுடன் வாங்கினால் வளர்த்தவர்கள் மானம் போய்விடும். அவள் மறுபடி கேட்பாள், நான் மறுபடி மறுப்பேன், மூன்றாவது தடவை "உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான்..." என்று கையை நீட்டலாம். அவள் சிரித்தாள். வண்டி நகர்ந்துவிட்டது.

விடார்த்தி மட்டும் முதல் கேள்வியிலேயே வாங்கி, மூடியைத் திறந்துவிட்டாள்.

"வெக்கமா இல்லே?"

"பண்பாடு, மாஸ். இவங்க ஒரு தடவைதான் கேப்பாங்க போல. உங்களுக்குக் கொஞ்சம் வேணுமா?"

"வேண்டாம்."

அவளும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. தரை இறங்குமுன்பே நார்வேக்காரி ஆகிவிட்டாள். நான் பாதி உலகத்தைப் பட்டினியாகக் கடந்தேன்.

நாங்கள் தங்கியது சொல்வெய் என்ற அம்மாளின் பண்ணை வீட்டில். மேசை நிறைய ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, புகையில் வாட்டிய மீன்.

"எடுத்துக்கிறீங்களா?" என்றாள் சொல்வெய்.

"இப்பதாங்க சாப்பிட்டேன்!" என்றது என் நாக்கு.

பாழாய்ப்போன நாக்கு! மறுநாள் "சரி" சொல்ல ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்தேன். காலையில் வாயைத் திறந்தால், "வயிறு நெறஞ்சிருக்குங்க." தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளவா? அதற்கு நான் இன்னொரு தாய் வயிற்றில் பிறக்க வேண்டும். சர்க்கரை போட்ட காப்பியும் தோட்டத்து ஆப்பிளும் உயிரைப் பிடித்து வைத்திருந்தன. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

விடார்த்தி ரொட்டிமேல் வெண்ணெயைச் சுவருக்குச் சாந்து பூசுவதுபோல் பூசிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாகிட்ட இன்னொரு தடவை கேக்கச் சொல்லேன்!" என்று காதைக் கடித்தேன்.

"அவங்க பண்பாட்டுல நாம தலையிடலாமா, மாஸ்?"

அன்று சாயங்காலம் விடார்த்தி சமையலறைக்குள் புகுந்தாள். "நம்ம பண்பாட்டையும் அவங்க பாக்கட்டும். சமைக்கக் கூடாதுன்னு சபதம் இல்லியே?"

பூண்டு வதங்கியது. ஊரிலிருந்து அவள் பெட்டியில் கொண்டுவந்த இறால் விழுது சட்டியில் விழுந்தது. வறுத்த சோற்றின் வாசனை வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. சொல்வெய் தட்டோடு வந்து நின்றாள், மேலே பொரித்த முட்டை.

"சாப்பிடுறீங்களா?"

"வேண்டாங்க." உண்மையிலேயே வேண்டாம்! அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

"கொஞ்சமாவது?"

"ஐயோ, சிரமம் எதுக்கு..."

"நீங்க சாப்பிடலேன்னா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்."

மூன்றாவது தடவை! இதற்குமேல் மறுப்பது மரியாதையா? தட்டு எப்போது காலியானது என்றே தெரியாது.

விடார்த்தி ரொட்டியை மெதுவாக மென்று விழுங்கினாள். "வோனோகிரிக்கு ரயில் டிக்கெட் போட்டுடலாமா, மாஸ்?"

சொல்வெய் முகமெல்லாம் பூரிப்பாக அவளிடம் கேட்டாள்: "நீங்க முதல் நாளே சொல்லிக் குடுத்த மாதிரி சரியா செஞ்சேனா? ரொட்டின்னா ஒரு தடவை கேக்கணும், சோறுன்னா மூணு தடவை!"