சோளக்கொல்லைப் பொம்மைக்கு என் சோபா

இந்த வருடம் செப்டம்பர் கடைசியில், பூமியைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன்.

பூமியின் மீது அதுவரை எனக்குத் தனி அக்கறை ஏதும் இருந்ததில்லை. அக்கறையெல்லாம் என் இடுப்பின் மீதுதான். எங்கள் கராஜ் பரணில் பன்னிரண்டு அடி பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று படுத்திருந்தது. பக்கத்தில் மோட்டார் வைத்து ஊதிப் பெரிதாக்கும் பேய்கள் ஐந்து. நைலான் சிலந்தி வலை நாலு மூட்டை. பிளாஸ்டிக் கல்லறைக் கற்கள் இருபத்திரண்டு. எல்லாம் என் மனைவி மார்லிஸ் சேர்த்த சொத்து. அக்டோபர் கடைசியில், பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் வந்தால் அத்தனையையும் நான்தான் இறக்கி, நட்டு, கட்டி, மறுபடி பரண் ஏற்ற வேண்டும். போன வருடம் எலும்புக்கூட்டோடு சேர்ந்து ஏணியிலிருந்து விழுந்தேன். பதறி ஓடி வந்த மார்லிஸ் முதலில் எலும்புக்கூட்டைத்தான் தூக்கி நிறுத்தினாள்.

இதற்கே ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். அமெரிக்காவில், எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் ஞாயிறு என்றால் ஃபுட்பால். எனக்கு ஃபுட்பால் என்றால் சோபா. டிவிக்கு எதிரே பத்தொன்பது வருடமாக இருக்கிற, கைப்பிடியை இழுத்தால் காலைத் தூக்கிவிடுகிற, பழுப்புத் தோல் சோபா. என் உடம்பின் அச்சு அதில் அப்படியே பதிந்திருக்கும். 'இதை எப்போ தூக்கிப் போடப் போறே?' என்று மார்லிஸ் கேட்க ஆரம்பித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது.

ஆகவே எங்கள் தெருவின் ஹாலோவீன் கமிட்டியில் சேர்ந்து, எழுந்து நின்று, பூமியைப் பற்றித் தொண்டை கரகரக்கப் பேசி, மூன்று விதிகளை முன்வைத்தேன். ஒன்று, பிளாஸ்டிக் கூடாது. இரண்டு, மண்ணில் விளைந்தது தவிரப் புதிதாக எதையும் வாங்கக் கூடாது. மூன்றாவதுதான் என் மூளையின் முழு வேலை. அலங்காரத்துக்காக வெளியே வைத்த எந்தப் பொருளும் திரும்ப வீட்டுக்குள் போகக் கூடாது. மக்குவது உரக்குழிக்கு, மற்றது தேவைப்பட்டவர்களுக்கு. பரண் இனி ஜென்மத்துக்கும் நிறையாது அல்லவா? எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்து வீட்டுக் குபியாக் விசிலே அடித்தான்.

வீட்டில் விஷயத்தைப் பக்குவமாக ஆரம்பித்தேன்.

"மார்லிஸ், நம்ம பேரப்பிள்ளைங்களுக்கு நாம எப்படிப்பட்ட பூமியை விட்டுட்டுப் போகப் போறோம்?"

"நமக்கு ஏது பேரப்பிள்ளைங்க? நம்ம பொண்ணு பூனை வளக்கறா."

"நாளைக்குப் பொறந்தா?"

"பொறந்தா பூனைக்குட்டிதான் பொறக்கும். எதுக்கு இந்தப் பீடிகை? இடுப்பு வலியா?"

காகிதத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"இந்த மூணாவது விதி யார் எழுதினது?"

"நான்தான்."

"ரொம்ப நல்லா எழுதியிருக்கே, செல்லம்."

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். முப்பத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் மார்லிஸ் என்னைச் 'செல்லம்' என்று கூப்பிட்டது அதற்கு முன் இரண்டே தடவைதான். முதல் தடவை என் மீன்பிடிப் படகு போயிற்று. இரண்டாம் தடவை அவள் அம்மா ஏழு மாதம் தங்க வந்தார்.

ஆனால் மறுநாளே எலும்புக்கூடு, பேய், கல்லறை எல்லாவற்றையும் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூட நாடகக் குழுவுக்குச் சிரித்த முகத்தோடு கொடுத்தனுப்பிவிட்டாள். எனக்குக் குற்ற உணர்ச்சியே வந்துவிட்டது. அது ஒரு மணி நேரம்தான் நீடித்தது.

"ஆரின், வண்டியை எடு. வைக்கோல் கட்டு பதினாறு, காஞ்ச சோளத்தட்டை முப்பது கட்டு, பூசணிக்காய் நாப்பது."

"நாப்பதா!"

"பூமிக்காகத்தானே? தூக்கு."

பிளாஸ்டிக்கின் பெருமை எனக்கு அன்றுதான் புரிந்தது. எலும்புக்கூட்டுக்குள்ளே வெறும் காற்று. பூசணிக்காய்க்குள்ளே பூசணிக்காய். ஞாயிறுகள் அத்தனையும் போயின. பழைய படுக்கை விரிப்பில் பேய் கட்டினேன். தெருவெல்லாம் பெருக்கிச் சருகுப் பிசாசு செய்தேன். அவள் வரைந்து தந்த கோட்டின் மேலே கத்தி வைத்து நாற்பது பூசணிக்காய்க்கும் பல் வெட்டினேன்.

ஹாலோவீன் அன்று மதியம் கடைசி வைக்கோல் கட்டோடு வந்து இறங்கினேன். முன் வராந்தாவில் சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று, முகத்தில் கோணிப்பையோடு, காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சொகுசாகச் சாய்ந்திருந்தது. என் சோபாவில்.

"மார்லிஸ்!"

"கத்தாதே. எப்படி இருக்கு?"

"அது என் சோபா!"

"ஆமா. பிளாஸ்டிக் இல்ல. புதுசும் இல்ல. ரெண்டு விதியும் பொருந்துது."

"மூணாவது விதி..."

"அதான். வெளிய வந்தது உள்ள போகாது. ஏழைங்களுக்குப் பழைய சாமான் சேக்கற சர்ச் வண்டி ஏழு மணிக்கு வருது. இதைத் தூக்க உதவின குபியாக்கே ஏத்தியும் விடறேன்னுட்டான்."

வேலிக்கு அப்பாலிருந்து குபியாக் குரல் கொடுத்தான். "விதி எழுதின மனுஷனே மீறலாமாய்யா? தெரு சிரிக்காது?"

பத்தொன்பது வருடம்! ஆனால் மூளை கைவிடவில்லை. விதி அலங்காரத்துக்குத்தான். வேஷத்துக்கு விதி ஏது? பொம்மையைத் தூக்கி ஓரமாகக் கிடத்தினேன். அதன் சட்டையை நான் மாட்டிக்கொண்டேன். கோணியைத் தலையில் கவிழ்த்தேன். சோபாவில் ஏறிச் சாய்ந்தேன்.

"இது அலங்காரம் இல்ல மார்லிஸ். என் வேஷத்துல ஒரு பாகம். வேஷத்தை எவனும் வண்டியில ஏத்த முடியாது!"

மார்லிஸ் மிட்டாய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "அப்போ வண்டி வர்ற வரைக்கும் எழுந்திரிக்காதே. எழுந்தா அது வேஷம் இல்ல, அலங்காரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலு மணிக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். ஐந்து மணிக்குப் பனி பெய்ய ஆரம்பித்தது. காலர் வழியாக வைக்கோல் இறங்கி முதுகை அரித்தது. உள்ளே எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது. பாவம், கூட்டிப் பெருக்குகிறாள் என்று நினைத்தேன். பால் அட்டைப் பெட்டிகளில் ரோபோ வேஷம் போட்ட ஒரு சிறுமி தன் அண்ணனோடு கிட்டத்தில் வந்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, இது பொம்மையா, ஆளா?"

"ஆளுதான். இவ்ளோ தொப்பைக்கு வைக்கோல் பத்தாது."

அசையாமல் இருந்தேன். ஏழு மணிக்கு வண்டி வந்தது. குபியாக் சோபாவின் ஒரு கையைப் பிடித்தான். நான் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அலறினேன்.

"தொடாதே! இந்த சோபா இந்த இடத்தை விட்டு ஒரு அங்குலம் நகரக் கூடாது!"

மார்லிஸ் கதவைத் திறந்தாள். "ஒரு அங்குலம் கூடவா?"

"அரை அங்குலம் கூட!"

"எப்பவுமே?"

"நான் உசிரோட இருக்கிற வரைக்கும்!"

"குபியாக், கேட்டுக்கிட்டியா? நீதான் சாட்சி. வண்டியை அனுப்பிடு, மனுஷன் ஆசைப்படறான்."

வண்டி போயிற்று. முப்பத்தொரு வருடத்தில் என் முதல் வெற்றி! கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கோணியைக் கழற்றிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனேன்.

டிவிக்கு எதிரே, சோபா இருந்த இடத்தில், ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற ஆறடி மரச்சட்டம் நின்றது. இத்தனை வருடமும் இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் கிடந்த சட்டம். நாலு காலும் தரையோடு திருகாணி போட்டு முறுக்கியிருந்தது. அதில் என் பழைய சட்டைகள் துண்டு துண்டாகப் போர்வையாகிக்கொண்டிருந்தன.

"இங்கதான் வெளிச்சம் நல்லா வருது" என்றாள்.

"என் சோபா?"

"உன் விதிப்படி உள்ள வரக் கூடாது. உன் வாக்குப்படி அங்கேருந்து நகரவும் கூடாது. நான் எதையாவது மீறினேனா, செல்லம்?"

இப்போது டிசம்பர். ஞாயிறுதோறும் வராந்தாவில் என் சோபாவில், குளிருக்குக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக ஃபுட்பால் பார்க்கிறேன். ஸ்கோர் இருக்கும் மூலையை மட்டும் மரச்சட்டம் மறைக்கிறது. போன வாரம் பொறுக்க முடியாமல் கண்ணாடியைத் தட்டினேன். மார்லிஸ் ஜன்னலைத் திறந்து, என் கையில் ஒரு மிட்டாயை வைத்துவிட்டு, மூடிக்கொண்டாள்.