குதிரையைத் தின்னும் பசி

மேலக்கரை,
10-10-70

ஒரத்தநாட்டில் சகல மரியாதைக்கும் உரிய மச்சான் இராஜாங்கம் அவர்களுக்கு, உலகநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை சாவித்திரியும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் உங்களைச் சௌக்கியமாக இருக்க விடட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

நிற்க. மச்சான், அறுப்பு ஆரம்பித்துவிட்டது! கலத்துக்கு ஒரு படி கூலி கூடக் கேட்டு மருதையன் சங்கத்து ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்து ஒன்பது நாள். ஒரு பிடி கூடத் தரமாட்டேன் என்று மிராசுதார் பஞ்சநாதன். நடுவில் முற்றிய குறுவை, அதில் என் மூன்று மா நிலமும் சேர்த்தி, மேலே கருத்த வானம். இரண்டு மழை விழுந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். அப்போதுதான் பேசித் தீர்க்க நாகப்பட்டினத்திலிருந்து ஜீப்பில் வந்தார் ஒரு வடக்கத்தி ஆபீசர். சின்ன வயசு. தமிழ் வணக்கம் வரைக்கும்தான். ஆகவே மொழிபெயர்க்க, முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த அடியேன்!

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் பத்து மணிக்குப் பேச்சு. பதினொன்றரைக்கு ஆபீசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “ஐ ஆம் ஸ்டார்விங்” என்றார். பட்டினியால் சாகிறாராம்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது மச்சான். புத்தகத்தில் மட்டும் பார்த்த இங்கிலீஷை உயிரோடு கேட்கிறேன்! சபைக்கு அப்படியே சொன்னேன். எல்லாருக்கும் பரிதாபம், ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நம்ம ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே, மத்தியஸ்தம் பேச வந்தவர் முடிவாகும் வரை எந்தப் பக்கத்திலும் கை நனைக்கக் கூடாது, நனைத்தால் அந்தப் பக்கத்து ஆள். அரை மணி கழித்து, ஒரு குதிரையையே தின்பேன் என்றார். அதையும் சொன்னேன். மருதையன் எழுந்து, “குதிரை மிராசுதார் வீட்லதாங்க இருக்கு. அதைத் தின்னாலும் அந்தப் பக்கந்தான்” என்றான். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு உயிரே போய்விட்டது.

அடுத்தது தாகம். தொண்டை எலும்பாக உலர்ந்துவிட்டதாம், ஒரு ஆற்றையே குடிப்பாராம். பள்ளிக்கூடத்துப் பானையைக் காட்டினேன். பானை பஞ்சநாதன் வாங்கிக் கொடுத்தது என்று சங்கத்து ஆட்கள். தண்ணீர் பள்ளிக்கூடம் பெருக்கும் நாகம்மாள் ஊற்றியது, அவள் சங்கத்து ஆள் என்று மிராசுதார் பக்கம். பஞ்சநாதன் வெலவெலத்துப் போனார். “வாத்தியாரே, சர்க்கார் ஆபீசர் நம்மூர்ல பசியில செத்தாருன்னு பேப்பர்ல வந்தா என் குடும்பத்துக்கே அசிங்கங்க. அரைப் படி தர்றேன், எழுதுங்க!” மருதையனும், “பாவங்க, மனுசன் போயிடுவாரு” என்று அரைப் படிக்கு இறங்கினான். ஒன்றரை மணிக்குக் கையெழுத்து! உடனே இரண்டு பக்கத்திலிருந்தும் சாப்பாடு வந்து குவிந்தது. நாலு வாய் தின்றுவிட்டு, வயிறு வெடிக்கப்போகிறது என்று எழுந்துவிட்டார். பட்டினியில் குடல் சுருங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாகம்மாள் இடத்தைப் பெருக்க வந்தாள். “நீ சாப்பிட்டியாம்மா?” என்றேன்.

“ஆச்சுங்க, வாத்தியாரய்யா.”

ஒன்பது நாளாகக் கூலியில்லாத வீடு, உதடு வெடித்துக் கிடக்கிறது, ஆச்சாம். ஆபீசர் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். முப்பது வருஷ இங்கிலீஷில் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வெட்கமாக இருந்தது மச்சான். மீந்த சோற்றையெல்லாம் அவளிடம் கொடுத்தனுப்பினேன்.

அங்கே பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், குழந்தைகளுக்கு எங்கள் ஆசி. சாவித்திரி உங்களைத் தைலம் தேய்க்கச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உலகநாதன்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும்போது ஜீப் டிரைவர் அப்துல் ஹமீது வந்தார், ஆபீசர் மறந்துவிட்டுப் போன குடையை வாங்கிப் போக. “பட்டினியா? நாகப்பட்டினத்துல பத்து இட்லி சாப்பிட்டுத்தானே சார் கிளம்பினாரு. நடுவுல ஜீப்புக்கு வந்து ரெண்டு பாக்கெட் பிஸ்கட்டு, ஒரு பிளாஸ்க் டீ. அவரு எப்பவும் அப்படித்தான் சொல்லுவாருங்க” என்கிறார். எனக்குத் தலை சுற்றிவிட்டது. பஞ்சநாதன் உங்கள் கூட்டாளி. தெரிந்தால் எழுதிக்கொடுத்ததைக் கிழித்துவிடுவார். இன்று சாயங்காலம்தான் களத்தில் முதல் கூலி அளந்தார்கள். நாகம்மாள் நெல்லை மடியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். ஆகையால் டிரைவர் சொன்னது என் காதில் விழவில்லை. நீங்களும் இந்தப் பின்குறிப்பைப் படிக்கவில்லை.