பத்து நாள் பேக்

பதினோராம் நாள் காலையில் மாரிச்செல்வி தென்காசி வீட்டு அடுக்களையில் நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சிராஜ் முடிவெடுத்துவிட்டார். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவர் சொந்தமாக எடுத்த முதல் முடிவு. அதனால் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. சொன்னால் முடிவு கைமாறிவிடும்.

விஷயம் இதுதான். மகள் சுகந்தி கோலாலம்பூரில் இருக்கிறாள். ஆபீஸில் ரெண்டு மாதத்துக்கு அவளுக்குக் கூடுதல் வேலை. பள்ளிக்கூட வேனில் வந்து இறங்கும் ஆறு வயசுப் பேத்தியைக் கூட்டிவந்து சோறு போட ஆள் வேண்டும். "ரெண்டு பேரும் வாங்க" என்றாள். பேச்சிராஜ் தன் பெயின்ட் கடையைக் காரணம் காட்டினார். சாரல் அடிக்கிற ஜூன் மாதத்தில் தென்காசியில் எவனும் சுவருக்குப் பெயின்ட் அடிக்க மாட்டான், கடைக்கு ஈ வந்தாலும் ஒதுங்கத்தான் வரும் என்பது மாரிச்செல்விக்குத் தெரியும். தனக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு டிக்கெட் போடச் சொன்னாள்.

ஒரு மாதம். 'போகாதே' என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வாய் வேண்டுமே. 'நீ இல்லாம கஷ்டம்' என்று இந்த முப்பத்தொரு வருஷத்தில் அவர் சொன்னதே இல்லை. 'காப்பில சீனி இல்ல' என்றுதான் சொல்லிப் பழக்கம். ஆகவே ஆயுதம் தேடி முத்துகுமரனின் செல்போன் கடைக்குப் போனார்.

முத்துகுமரன் மூச்சு விடாமல் பேசுகிறவன். "வெளிநாட்டுப் பேக்கா அண்ணாச்சி, ஒரு மாசத்துக்கு இருக்கு, பத்து நாளைக்கு இருக்கு, ஒரு நாளைக்குக்கூட இருக்கு, போட்டா மதினியோட இதே நம்பரே அங்கன நெட்டோட ஓடும், இல்லன்னா இறங்குன ஏர்போர்ட்லயே அந்த ஊரு சிம் ஒண்ணு வாங்கிக்கிடலாம், சொல்லப்போனா அதுதான் சல்லிசு, நானா இருந்தா..."

"நீ போகல. பத்து நாளைக்குப் போடு."

"மதினி ஒரு மாசம்லா இருக்கப் போறாவ?"

"பத்து நாளைக்குப் போடுன்னேன்."

கணக்குத் தெளிவு. காலையில் சாமிப் பாட்டு, மத்தியானம் சீரியல், சாயங்காலம் சமையல் வீடியோ, இடையிடையே தெருப் பெண்கள் குரூப்பில் பஞ்சாயத்து. நெட் நின்றால் மாரிச்செல்வியின் உலகம் நின்றுவிடும். உலகம் நின்ற மறுநாள் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஓடி வந்துவிடுவாள்.

வீட்டுக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஏட்டி செல்வி, அந்த ஊரு சிம் மட்டும் வாங்கிராத. பாஸ்போர்ட்ட பிடுங்கி வச்சுக்கிடுவான். பெறவு ஆயுசுக்கும் அங்கனதான்."

மாரிச்செல்வி சேலையை மடித்துக்கொண்டே அவரை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேச்சிராஜ் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். பூரித்துப்போய் நின்றார்.

பத்து நாளும் தவறாமல் சாயங்காலம் வீடியோவில் வந்தாள்.

"சாப்பிட்டியளா?"

"ம்."

"மோட்டார் போட்டியளா?"

"ம்."

"வேற?"

"வேற என்ன. கடைக்கு ஆள் வந்திருக்கு, வச்சிருதேன்."

கடையில் ஆள் கிடையாது. வைத்த பிறகு, அவள் முகம் தெரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் திரை கருத்து, அதில் அவர் மூஞ்சியே தெரியும். அதற்கு மேல் பார்க்கப் பிடிக்காமல் எழுந்துவிடுவார்.

பதினோராம் நாள் விடிந்தது. அடுக்களையில் காப்பியும் இல்லை, ஆளும் இல்லை. 'இன்னைக்கு அங்க என்ன பலகாரம்' என்று செய்தி அனுப்பிப் பார்த்தார். ஒற்றை டிக் விழுந்தது. ரெண்டாவது டிக் விழவே இல்லை. போதாததற்கு அவள் படத்தையும் காணோம். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு சிரிக்கிற படம். அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை உட்கார்ந்திருந்தது.

போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஜெஸியிடம் போனார். "பேக் தீந்தா படமும் போயிருமா ஜெஸி?"

ஜெஸி வாயை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருமினாள். "ஆமா அண்ணாச்சி. முதல்ல படம் போவும். பெறவு மெசேஜ் போவும். கடைசில ஞாபகமும் போயிரும்னு பேசிக்கிடுதாவ."

பன்னிரண்டாம் நாள் மகளுக்கே போன் போட்டார். "உங்கம்மா எப்படிட்டி இருக்கா?"

"நல்லாருக்கா. பார்க்குக்கு நடக்கப் போயிருக்கா. நெட் இல்லாம நிம்மதியா இருக்காளாம்ப்பா."

நிம்மதியாம். பேச்சிராஜ் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

மறுநாள்தான் சாரல் பிடித்தது. சீசனின் முதல் நாள் ரெண்டு பேரும் ஐந்தருவிக்குப் போவது வருஷா வருஷம் நடக்கிற காரியம். அவர் ஆண்கள் பக்கம் ரெண்டு நிமிஷம் தலையை நீட்டிவிட்டு வந்துவிடுவார். அவள் பெண்கள் பக்கம் ஒரு மணி நேரம் நிற்பாள். அவளுடைய பச்சைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே காத்து நிற்பது அவர் வேலை. 'ஒரு மணி நேரமா ஒரு மனுசி குளிப்பா' என்று முணுமுணுப்பதும் அவர் வேலை.

இந்த வருஷமும் போனார். பழக்கத்தில் ரெண்டு துண்டையும் எடுத்துப் போய்விட்டார். குளிக்க மனசு வரவில்லை. கால் தானாகப் பெண்கள் பக்கம் போய் நின்றது. உள்ளே தண்ணீர் இரைச்சலுக்கு மேல் பெண்களின் கூச்சல். முணுமுணுக்கலாம் என்று பார்த்தார். யாரைச் சொல்லி முணுமுணுப்பது?

பெண் போலீஸ் ஒருவர் வந்தார். "ஐயா, லேடீஸ் பக்கம் என்ன நிக்கிய?"

"வீட்டம்மாவுக்குத் துண்டு வச்சிருக்கேன்."

"உள்ள குளிக்காவளா?"

"இல்ல. மலேசியாவுல இருக்கா."

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ அங்கன போயி நில்லுங்க."

நனையாத ரெண்டு துண்டோடு நேரே முத்துகுமரன் கடைக்கு வந்தார். "உங்க மதினி நம்பருக்கு இருக்கதுலயே பெரிய பேக்கா போடு."

"பத்து நாளு..."

"பேசாம போடுலே."

போட்டுக் கால் மணி நேரம் கழித்து 'ம்' என்று ஒன்று அனுப்பிப் பார்த்தார். ரெண்டு டிக்கும் விழுந்தது. மொட்டைத் தலை போய் ஈரத் தலை வந்தது. 'கஷ்டமா இருக்கு, வந்துரு' என்று எழுதினார். அழித்தார். மறுபடி எழுதி மறுபடி அழித்தார். கடைசியில் காலையில் எடுத்த ஐந்தருவி வீடியோவை அனுப்பினார். அனுப்பியதும் அவருக்கே மூளை பளிச்சிட்டது. இதைவிடப் பெரிய ஆயுதம் உண்டா? உடனே போன் அடித்தது.

"தண்ணி விழுதா?"

"அஞ்சுலயும் விழுது."

"பழைய குத்தாலத்துல?"

"நாளைக்குப் போய்ப் பாக்கேன்."

ஒரு வாரம் குடையும் கையுமாக அலைந்தார். பழைய குற்றாலம், மெயினருவி, மறுபடி ஐந்தருவி. சாரலில், வெயிலில், மேகம் இறங்குகிறபோது. ஏழாம் நாள் மாரிச்செல்வியின் குரலே மாறிவிட்டது.

"பாக்கப் பாக்க இருப்புக் கொள்ளல. இங்கன குழாயைத் திறந்தா வெந்நி மாதிரி வருது."

'அப்ப வந்துரு' என்பது பேச்சிராஜின் நாக்கு நுனிவரை வந்தது. "ம்" என்றார்.

"ஏங்க."

"ம்."

"நீங்க இங்கன வாங்களேன். உங்களப் பாக்கணும்போல இருக்கு."

பேச்சிராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். தன்னிடம்தான் சொல்லியிருக்கிறாள். "கடை..." என்றார், பழக்கத்தில்.

"கடைக்கு ஆள் வருதா?"

"இல்ல."

"பெறவு?"

மகள் டிக்கெட் போட்டாள். மூன்றாம் நாள் கடையைப் பூட்டிவிட்டுத் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பினார். பஸ் ஏறப் போகிற வழியில் முத்துகுமரன் மறித்தான். "அண்ணாச்சி, உங்களுக்குப் பேக் வேண்டாமா?"

"எனக்கு எதுக்குலே? பேச வேண்டிய ஆளே எதுக்க இருக்கப் போறா."

விமானத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தார். 'நீ இல்லாம வீடு வீடாவே இல்ல, செல்வி.' பக்கத்து சீட்டு மலையாளத்துக்காரர் "எந்தா?" என்று ரெண்டு தடவை கேட்டார்.

கோலாலம்பூரில் வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அவள்தான். புதுச் சேலை, ஒரு கையில் பேத்தி, இன்னொரு கையில் தள்ளுவண்டி. வண்டியில் பெரிய பெட்டி.

"என் பெட்டிக்கு வண்டி கொண்டாந்தியா? அதுல யாரு பெட்டி?"

"என் பெட்டி. எனக்கு இன்னும் மூணு மணி நேரத்துல பிளேன்."

"எங்க?"

"ஊருக்குத்தான். சுகந்திக்கு ரெண்டு மாச வேலைல்லா. நான் ஒரு பங்கு, நீங்க ஒரு பங்கு. இத ஊர்ல வச்சே சொல்லியிருந்தா கடைன்னு சொல்லுவிய."

"என்னப் பாக்கணும்னு சொன்னியே."

"பாத்துட்டுத்தான இருக்கேன்." அவர் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டாள். "உங்க ஆசைப்படி ஒரு வாரம் முன்னாடியே ஊருக்குப் போயிருதேன், போதுமா?"

பிறகு கைப்பையிலிருந்து ஒரு சிம்மை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "முதல் நாளே சுகந்தி இந்த ஏர்போர்ட்ல வாங்குனது. இன்னும் ஆறு நாள் இருக்கு. பெறவு நீங்களே பேக் போட்டுக்கிடுங்க."

"பாஸ்போர்ட்ட பிடுங்கலையா?"

"பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டான்."

"அப்போ அந்த மூணு நாளு?"

"சுகந்தி என் போன்ல உங்களை ப்ளாக் பண்ணி வச்சிருந்தா. நீங்க பெரிய பேக் போட்டதும் எனக்கு மெசேஜ் வந்துச்சு. எடுத்துவிடச் சொன்னேன்."

பேச்சிராஜுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவள் கிளம்பப் போகிறாள் என்ற பயம்தான் வந்தது. மனப்பாடம் செய்ததை எடுத்தார். "நீ இல்லாம வீடு..."

"தெரியும். துண்டோட போயி நின்னியளாம். ஜெஸி உள்ள குளிச்சிட்டுதான் இருந்திருக்கா. அன்னைக்கே போன் போட்டுச் சொல்லிட்டா." மாரிச்செல்வி குரல் லேசாகக் கம்மியது. அந்தக் கம்மலுக்காக அவர் இன்னொரு கடல்கூடத் தாண்டியிருப்பார்.

"அப்போ நானும் உன்கூடயே வந்துருதேன் செல்வி."

அவள் பேத்தியின் கையைப் பிரித்து அவர் கையில் கோத்துவிட்டாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு பத்தடி போய்விட்டாள்.

"பெறவு நான் எப்பத்தான் வாரது?"

மாரிச்செல்வி திரும்பிப் பார்த்தாள். "அருவில தண்ணி வத்தட்டும். சொல்லுதேன், வாங்க."